நாலில் ஒன்று ஊமை

ராஜாக்களின் சரித்திரத்தை எழுத ஆள் இருக்கிறது. கோயில்களின் சரித்திரத்தை எழுதவும் ஆள் இருக்கிறது. இயந்திரங்களின் சரித்திரத்தைக்கூட இப்போது பலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சரித்திரம் பெரும்பாலும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரோடு முடிந்து போகிறது. அந்த இயந்திரம் கடல் கடந்து நம் ஊருக்கு வந்து, பல வருஷம் உழைத்து, ஒரு நாள் காலையில் காரணம் தெரியாமல் உதறத் தொடங்கியபோது, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, "இதற்கு இன்ன நோய்" என்று சொன்ன மனிதர்களுக்குச் சரித்திரத்தில் இடம் இல்லை. பழைய டீசல் காரின் நோயறியும் வித்தைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குப் போகும் வழியில் உள்ளது வேடசந்தூர். வானம் பார்த்த பூமி. குடகனாறு மழை பெய்தால் ஆறு. மற்ற நாளில் மணல். நிலக்கடலை, சோளம், புகையிலை, முருங்கை என்று, குறைந்த தண்ணீருக்குக் கோபித்துக்கொள்ளாத பயிர்களுக்கு உகந்த இடம். புகையிலைக்கென்றே 1948-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியது. இப்படிப்பட்ட சீமையில் கிணறுதான் உயிர். கிணற்றடியில் கமலை மாடுகள் நாள் முழுதும் முன்னும் பின்னும் நடந்தன. பிறகு கமலைக்குப் பதிலாக ஆயில் எஞ்சின் வந்தது. புனாவுக்கு அருகே கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் கம்பெனி 1946-ல் ஆரம்பமாயிற்று. கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளும் எஞ்சினும் பம்பும் செய்தன. மின்சாரக் கம்பி எட்டாத கிராமங்களில் நெல் அரைத்ததும், டூரிங் டாக்கீஸில் படம் காட்டியதும் அந்த எஞ்சின்தான். தூரத்துத் தோட்டத்தில் 'டக்... டக்... டக்' என்று அது அடித்துக்கொண்டிருக்கும்வரை வீட்டில் உள்ளவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அடி தவறினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள். ஆகவே டீசல் எஞ்சினைக் காதால் அறியும் பழக்கம் இந்தச் சமவெளிக்கு, டீசல் கார் வருவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது.

அந்தச் சத்தத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

ருடால்ப் டீசல், பவேரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு, பாரிஸ் நகரில் 1858 மார்ச் 18-ந் தேதி பிறந்தார். அவர் வாலிபராக இருந்த காலத்தில் நீராவி எஞ்சின்தான் உலகத்தின் சக்கரங்களைச் சுற்றியது. அதில் எரித்த நிலக்கரியின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மீதியெல்லாம் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குத்தான். இந்த விரயம் டீசலின் மனத்தை உறுத்தியது. காற்றை மிகவும் இறுக்கி அழுத்தினால் அது சூடாகிறது. போதுமான அளவு அழுத்தினால், தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். அப்படியானால் நெருப்பு மூட்டவே வேண்டாமே! இந்த யோசனைக்கு 1893-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ஆக்ஸ்பர்க் நகரத்து இயந்திரச் சாலையில் முதல் பரீட்சை நடந்தது. எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்பதைக் காட்ட ஒரு கருவியை அதன் தலையில் பொருத்தியிருந்தார்கள். எண்ணெய் உள்ளே போயிற்று, பற்றிக்கொண்டது, அந்தக் கருவி வெடித்துச் சிதறியது. துண்டுகள் டீசலின் தலைக்கருகே பறந்தன. டீசல் எஞ்சினின் நாடியைப் பார்க்க வைத்த முதல் கருவியின் கதி இது! ஆனாலும் அவர் சந்தோஷப்பட்டார். எண்ணெய் தானாகப் பற்றும் என்பது ருசுவாகிவிட்டதல்லவா? 1894 பிப்ரவரியில் எஞ்சின் ஒரு நிமிஷம் தன் பலத்தில் ஓடியது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதிகார பூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரை சக்தி கொண்ட அந்த எஞ்சின், எண்ணெயின் சூட்டில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அன்றைய உலகில் வேறெந்த எஞ்சினும் இதன் அருகே நிற்க முடியவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்து, மாலை போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் தொல்லை இங்கேதான் ஆரம்பமாயிற்று. பரீட்சைச் சாலையில் சமர்த்தாக ஓடிய எஞ்சின், விலை கொடுத்து வாங்கியவர்களிடம் போனதும் மக்கர் செய்தது. எண்ணெயைத் தூளாகத் தெளிக்கும் வாய் அடைத்துக்கொண்டது. அந்நாளில் எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளுவதற்குத் தனியாகக் காற்றழுத்த இயந்திரம் ஒன்று வேண்டும். அதுவும் தன் பங்குக்குப் படுத்தியது. புகார்கள் குவிந்தன. சிலர் எஞ்சினைத் திருப்பி அனுப்பினார்கள். டீசல் எஞ்சினின் முதல் மெக்கானிக்குகள் பிறந்தது அப்போதுதான். எஞ்சின் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை, அதற்கு எண்ணெய் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாடம் மாறவில்லை.

வேடசந்தூர்க் கடலைக் காட்டுக்காரர்கள் கேட்டு மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பிரெஞ்சு அரசாங்கம் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளைந்த கடலையை உத்தேசித்து அப்படிக் கேட்டிருந்தது. எஞ்சினில் மாறுதல் ஏதும் செய்யவில்லை. பார்த்தவர்களில் வெகு சிலருக்கே வித்தியாசம் தெரிந்தது என்று டீசலே பின்னால் எழுதினார். தாவர எண்ணெய்க்கு ஒரு காலம் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் அவருடைய சொந்தக் காலம் நன்றாக இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன 'டிரெஸ்டன்' கப்பலில் சாப்பிட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனவரை மறுநாள் காலையில் காணவில்லை. சில நாட்களுக்குப் பிறகு கடலில் மிதந்த சடலத்தின் பைகளில் இருந்த பொருள்களைப் பார்த்து அவருடைய மகன் அடையாளம் சொன்னார்.

டீசல் இறந்தபோது அவருடைய எஞ்சின் கப்பலில் ஏறிவிட்டது, மோட்டாரில் ஏறவில்லை. காற்றழுத்த இயந்திரத்தையும் சுமந்துகொண்டு ஒரு காருக்குள் அது எப்படி உட்கார முடியும்? அந்தச் சுமையை இறக்கியவர் ஸ்டட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ். எண்ணெயைக் காற்றால் ஊதாமல், ஊசி போடுவதைப்போல் அழுத்திச் செலுத்தும் சிறிய பம்பை அவருடைய கம்பெனி 1927-ல் தொழில் முறையில் செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு லாரிகள் டீசலுக்கு மாறின. 1936-ல் பெர்லின் மோட்டார்க் காட்சியில் மெர்ஸிடிஸ் பென்ஸ் '260 டி' என்ற காரை வைத்தார்கள். வரிசையாகச் செய்து விற்ற டீசல் கார்களில் அது முன்னோடி. நீண்ட நேரம் ஓடியும் குறைவாகக் குடிப்பதால் வாடகைக் கார்க்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். டீசல் கார் பிறந்த அன்றே வயிற்றுப் பிழைப்புக்காரனின் வண்டியாகத்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

அந்தப் பம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்குள் உருளை ஒன்றும், அதில் மேலும் கீழும் போய்வரும் தண்டு ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. நம் தலைமயிரை நெடுக இருபது கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று அந்தச் சந்துக்குள் போகலாம். திண்டுக்கல் பூட்டுக்காரர்களுக்கு இந்த நுட்பத்தைச் சொன்னால் உடனே புரியும். ஒரு பூட்டின் சாவி மறு பூட்டுக்குச் சேராதபடி அராவி எடுப்பதில்தானே அவர்கள் பேர் வாங்கினார்கள். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கினார்கள்! பம்பின் தண்டும் அப்படித்தான். அது தன் உருளைக்கே சொந்தம். பக்கத்து உருளைக்கு மாற்றக்கூடாது. நாலு சிலிண்டர் கொண்ட ஒரு சிறிய காரில், எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தடவைக்குப் போகும் எண்ணெய் ஒன்றிரண்டு கடுகு மணியளவுதான். எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால், அந்தக் கடுகளவு எண்ணெய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிஷத்துக்கு 400 தடவை போகவேண்டும். அளவு தப்பக்கூடாது, வேளை தப்பக்கூடாது, பூந்தூறலாகப் போகவேண்டுமே தவிர ஒழுகக்கூடாது. இவ்வளவுக்கும் அந்தத் தண்டுக்கு வேறு மசகு கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு எண்ணெய்க் காப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு மெக்கானிக்கின் பள்ளிக்கூடம் பஞ்ச காலத்தில் நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் அருமையாகிவிட்டது. 1911 முதல் மோட்டார்த் தொழிலில் இருந்துவந்த மதுரை டி.வி.எஸ். நிறுவனம், கரியை எரித்து வாயு உண்டாக்கி அதில் பஸ்ஸை ஓட்டும் கருவிகளைச் செய்தது. அப்போது திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1985-ல்தான் தனி மாவட்டமாயிற்று. உயர்ந்த எரிபொருள் கிடைத்தால் யாரும் வண்டி ஓட்டிவிடலாம். கரிப்புகையில் ஓட்ட வேண்டுமானால் எஞ்சினின் மனத்தை அறிந்திருக்க வேண்டும். யுத்தம் முடிந்து சுதந்திரம் வந்தபின், டீசல் எஞ்சின் கொண்ட பஸ்களும் லாரிகளும் பெருகின. சென்னை சிம்ப்ஸன் நிறுவனம் பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செய்தது. எண்ணூரில் லேலண்ட் லாரிகள் உருவாயின. பங்களூரில் 1951-ல் ஆரம்பித்த 'மைக்கோ' பாஷ் கம்பெனியின் முறைப்படி பம்பும் நாஸிலும் செய்தது. லாரிப் பேட்டைகளுக்கு அருகே 'பம்ப் - நாஸில் சர்வீஸ்' என்ற பலகைகள் தோன்றின.

காருக்கு டீசல் வர இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. இந்தியாவில் செய்த முதல் டீசல் கார் அம்பாஸடர். 1980 வாக்கில் வந்தது. 1489 கன சென்டி மீட்டர் கொள்ளளவு. நாற்பது குதிரை சக்திக்கு அருகே பலம். அந்தக் கனமான உடம்பை அந்தச் சின்ன எஞ்சின் இழுத்துக்கொண்டு மலையேறுவதைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். ஆனால் அரசாங்கம் டீசலின் விலையைப் பெட்ரோலைவிட வெகுவாகத் தாழ்த்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை, விலை வித்தியாசத்திலேயே எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. முகூர்த்த நாளில் பெண் வீட்டாரை ஏற்றிப் போகவும், பழனிக்குக் காவடி கொண்டு போகவும், நடுநிசியில் பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடவும் கார் ஸ்டாண்டில் டீசல் அம்பாஸடர்கள் நின்றன. 2014 மே மாதத்தோடு அம்பாஸடர் தயாரிப்பே நின்றுவிட்டது. எஞ்சியவை இன்னும் அங்கங்கே ஓடுகின்றன.

இனி நோய்க்கு வருவோம். பட்டறை வாசலில் நடக்கும் சம்பாஷணை அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"நேத்து ராத்திரி வரைக்கும் பட்டு மாதிரி ஓடிச்சு, அண்ணே. காலையிலே கிளப்பினா வண்டியே உதறுது. எஞ்சின் வேலை வந்துடுச்சா?"

"அவசரப்படாதே, தம்பி. டீசல் எப்போ போட்டே? எங்கே போட்டே?"

'எஞ்சின் வேலை' என்ற இரண்டு சொற்களில் எவ்வளவு பயம் அடங்கியிருக்கிறது என்பது வாடகைக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எஞ்சினை முழுவதும் பிரித்துப் போடுவது என்றால், பல நாள் வருமானம் இல்லை. அதோடு வீட்டில் உள்ள தோடும் வளையலும் அடகுக் கடையில் ஏறவேண்டும். நோயை முதலில் கண்டுபிடி, அதன் மூலத்தைக் கண்டுபிடி, பிறகு மருந்தைப் பற்றி யோசி என்று வள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன ஒழுங்கு மெக்கானிக்குக்கும் பொருந்தும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால், நாலு ரூபாய் ரப்பர்க் குழாயில் இருந்த குற்றத்துக்கு எஞ்சின் தண்டனை அனுபவிக்கும்.

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது 'திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா?' என்பது. பிஸ்டன் ரிங்குகள் தேய்வதும், வால்வுகள் உட்காரும் இடம் கெடுவதும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கிற காரியம். ஒரே இரவில் வந்த உதறலுக்கு அவற்றைச் சந்தேகிப்பது, காலையில் வந்த காய்ச்சலுக்கு முதுமையைக் குறை சொல்வது போல. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பழைய எஞ்சினில் மின்சாரத்தின் ஆட்சியே குறைவு. அதற்கு வேண்டியவை மூன்று: போதிய காற்று, அந்தக் காற்று கசியாமல் இறுகுவது, சரியான வேளையில் சரியான அளவு எண்ணெய். திடீர் நோய் பெரும்பாலும் மூன்றாவதைச் சேர்ந்தது.

அடுத்தபடியாகப் புகை. கறுப்புப் புகையானால் எண்ணெய் மிஞ்சுகிறது அல்லது காற்றுப் போதவில்லை; புழுதி அடைத்த ஏர் கிளீனரை உடனே பார்க்க வேண்டும். நீலப் புகையானால் மசகு எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் எண்ணெய் எரியாமலே ஆவியாக வெளியே போகிறது என்று அர்த்தம்; ஏதோ ஒரு சிலிண்டர் தன் வேலையைச் செய்யவில்லை. சுருட்டுக்குப் பேர்போன ஜில்லாவில் புகையைப் பார்த்துச் சரக்கைச் சொல்லும் வித்தை புதிதல்ல!

பிறகு முக்கியமான பரீட்சை. எஞ்சின் நாலு சிலிண்டரில் ஓடுகிறது. அதில் ஒன்று ஊமையாக இருக்கிறது. எது ஊமை? எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பம்பிலிருந்து முதல் சிலிண்டருக்குப் போகும் குழாயின் நட்டை, துணியைச் சுற்றிக்கொண்டு, சற்றே தளர்த்துவார்கள். எண்ணெய் வெளியே கசியும். அந்தச் சிலிண்டருக்கு ஆகாரம் நிற்கும். எஞ்சின் இன்னும் மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தினால் எஞ்சினின் போக்கில் எந்த மாறுதலும் இல்லையோ, அதுதான் ஊமை. சாப்பாட்டை நிறுத்தியும் வேலையில் குறைவு தெரியாத ஆள் அதற்கு முன்பும் வேலை செய்யவில்லை என்பது மடத்துக் கணக்கப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த தர்க்கம்தானே!

ஊமையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஏன் ஊமை என்பது பாக்கி. இங்கே அடுத்த யுக்தி வருகிறது. அந்தச் சிலிண்டரின் நாஸிலைக் கழற்றி நன்றாக ஓடும் சிலிண்டரில் மாட்டி, அங்கிருந்ததை இங்கே மாட்டுவார்கள். ஊமைத்தனம் நாஸிலோடு இடம் பெயர்ந்தால் குற்றம் நாஸிலுடையது. கரி பிடித்தோ, ஊசி சிக்கியோ, தூறலாகப் போகவேண்டிய எண்ணெய் ஒழுகுகிறது. இடம் பெயராமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால், பம்பின் அந்தத் தண்டையோ, வால்வையோ, காற்றின் இறுக்கத்தையோ பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து ஊமையானால் நடுவே ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். நாலு நட்டுக்கும் எஞ்சின் ஒரே மாதிரி பதில் சொல்லி, புகையும் சரியாக இருந்து, வண்டி மட்டும் ஆடினால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் திண்டு கிழிந்திருக்கிறதா என்று கீழே குனிந்து பார்ப்பது உத்தமம். இந்த ஒன்றைப் பார்க்காமல் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

உதறல் ஒரு சிலிண்டரில் நிற்காமல் எல்லாவற்றிலும் மாறி மாறி வந்தால் சந்தேகம் டாங்கியை நோக்கித் திரும்பும். டாங்கியிலிருந்து எண்ணெயை இழுக்கும் குழாயில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் என்ன ஆகும்? எண்ணெய் வெளியே சொட்டும் என்று தோன்றும். எஞ்சின் ஓடும்போது அப்படி நடப்பதில்லை. அந்தக் குழாயில் உறிஞ்சல் இருப்பதால், வெளிக்காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக் கறைகூடத் தெரியாது. ஆனால் பம்புக்குள் காற்றுக் குமிழ் சேரும். எண்ணெயை அழுத்தினால் அது நாஸிலைத் திறக்கும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்குமே தவிர எதையும் திறக்காது. இதைத்தான் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறார்கள். பில்டருக்குப் பக்கத்தில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சொருகிவிட்டுப் பார்த்தால் குமிழ்கள் வரிசையாக ஊர்வலம் போவது தெரியும். விரிசல் உள்ள குழாயை மாற்றி, கைப்பம்பை அடித்து, திருகுகளைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த எண்ணெய் வரும்வரை 'ஏர் எடுத்து' விட்டால், சாகக் கிடந்த எஞ்சின் சிரித்துக்கொண்டு எழுந்திருக்கும். செலவு சொற்பம். கண்டுபிடிக்கிற புத்திதான் விலை உயர்ந்தது.

குழாய் ஏன் திடீரென்று விரிந்தது? இதற்கு உலகச் சரித்திரமே பதில் சொல்கிறது. 1990-களின் ஆரம்பத்தில் ஸ்வீடனும் அமெரிக்காவும் புகையைக் குறைக்க, டீசலிலிருந்து கந்தகத்தைப் பெருமளவு நீக்கின. நல்ல காரியம். ஆனால் ஸ்வீடனில் பம்புகள் சீக்கிரம் தேய்ந்தன. அமெரிக்காவில் 1993-ல் புது டீசல் வந்த கையோடு, பழைய பம்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. கந்தகத்தை நீக்கும் முறை, எண்ணெயின் வழவழப்பையும், ரப்பரை ஊறவைத்துப் பருமனாக வைத்திருந்த பொருள்களையும் சேர்த்து நீக்கிவிட்டது. டீசலே பம்பின் தண்டுக்கு மசகு என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு இது. பிறகு வழவழப்புக்கென்று மருந்து சேர்த்துச் சமாளித்தார்கள். நம் நாட்டிலும் 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2017 ஏப்ரலில் நாடெங்கும் பத்து லட்சத்தில் 50 பங்காகவும், 2020 ஏப்ரலில் 10 பங்காகவும் அது குறைந்தது. ஊருக்கு நல்ல காற்று வந்தது. அந்த நன்மைக்காகப் பழைய கார்க்காரர் கொடுத்த சிறிய வரி, சில ரப்பர் வளையங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு. "டீசல் எங்கே போட்டே?" என்ற கேள்விக்கு உள்ளர்த்தம் ஒன்று உண்டு. ஏழைகள் அடுப்பெரிக்க ரேஷனில் கொடுத்த மண்ணெண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு மலிவாக இருந்தது. விலையில் பள்ளம் இருந்தால் அங்கே பேராசை தேங்கும். நீலச் சாயம் போட்ட அந்த மண்ணெண்ணெய், குடிசைக்குப் போகாமல் டீசல் டாங்கிக்குப் போயிற்று. எஞ்சின் அதில் ஓடும்; அதுதான் மோசம். சில நாள் ஒன்றும் தெரியாது. ஆனால் மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு. ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு என்று சொன்ன அந்தச் சந்து மெல்ல அகலும். பிறகு சூடான எஞ்சின் கிளம்ப மறுக்கும். நின்ற இடத்தில் உதறும். ஒரு குடிசையின் அடுப்பையும், ஒரு டிரைவரின் பம்பையும் ஒரே சமயத்தில் திருடுகிற திருட்டு அது.

இந்தத் திருட்டின் எதிரே நின்றவர்களில் ஒருவர் மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். லட்சுமணபுரி நிர்வாகவியல் கழகத்தில் படித்துவிட்டு இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியானார். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எண்ணெய் விற்றதற்காக ஒரு பங்கை மூடி முத்திரை வைத்தார். அது மறுபடி திறந்தபோது மறுபடியும் சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19-ந் தேதி இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. கொலையாளிகளுக்குக் கீழ்க்கோர்ட்டு முதல் சுப்ரீம் கோர்ட்டு வரை தண்டனை உறுதியாயிற்று. அவர் பேரால் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டது. 2011 ஜனவரி 25-ந் தேதி, மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டை நேரில் கண்டு தடுக்க நின்ற கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவனேயை உயிரோடு எரித்துவிட்டார்கள். ஒரு கார் உதறுவது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த உரிமைகளை நாம் உபயோகிப்பதில்லை என்பதுதான் விசித்திரம். எந்தப் பங்கிலும் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டும்படி கேட்கலாம். அன்று பதிவான அடர்த்தியிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஐந்து லிட்டர் படியில் அளந்து காட்டச் சொல்லலாம். மண்ணெண்ணெய் டீசலைவிட லேசானது. ஆகவே கலப்படம் அடர்த்தியில் காட்டிக் கொடுக்கும். காய்கறிக் கடையில் கால் கிலோவுக்குத் தராசு முள்ளைப் பார்க்கிற நாம், ஐம்பது லிட்டர் எண்ணெய்க்கு மீட்டரைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

பாரிஸில் ஓடிய கடலை எண்ணெய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அந்த ஆசை தலைகாட்டும். 2003-ல் திட்டக் கமிஷன் காட்டாமணக்கைச் சிபாரிசு செய்தது; தமிழ்நாட்டிலும் வறண்ட பூமிகளில் அதை நட்டார்கள். தண்ணீரில்லாமல் வளரும் செடி, தண்ணீரில்லாமல் காய்க்காது என்பது சில வருஷத்தில் தெரிந்தது. அப்படியே பிழிந்த எண்ணெயை எஞ்சினில் விட்டால், அது கெட்டியாக இருப்பதால் சரியாகத் தூறாது, நாஸிலின் நுனியில் கரி கட்டும், மறுபடியும் உதறல். அதைப் பக்குவம் செய்து மெல்லியதாக்கினால்தான் சரிப்படும். கடலை எண்ணெய்க்கு இன்றும் தாளிக்கிற வாணலிதான் தகுந்த இடம்.

1990-களின் கடைசியில் டீசல் கார் மறுபிறவி எடுத்தது. 1997-ல் வந்த புது முறையில் எண்ணெய் ஆயிரம் காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பொதுக் குழாயில் தயாராக நிற்கிறது. எப்போது, எவ்வளவு என்பதைச் சிறிய மின்மூளை தீர்மானிக்கிறது. அந்தக் கார்களில் நட்டைத் தளர்த்துவது கூடவே கூடாது. பீறிடும் எண்ணெய் கையின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்துவிடும். பழைய நாஸிலின் தூறலுக்கு எதிரேகூட விரலை நீட்டாதே என்று பட்டறையில் பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது அதனால்தான். புதுக் காரின் நோயைப் பார்க்க ஒரு கருவியைச் சொருகுகிறார்கள். அது சிலிண்டர்களை ஒவ்வொன்றாக ஒரு கணம் பட்டினி போட்டு, எஞ்சினின் வேகம் குறைகிறதா என்று பார்த்து, எது ஊமை என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. யோசித்துப் பார்த்தால், ஸ்பானரும் துணியும் கொண்டு நட்டைத் தளர்த்திப் பார்த்த அதே பரீட்சை! கருவி செய்த பொறியாளர்கள் அதை எந்தப் பட்டறையிலும் போய்க் கற்றிருக்க மாட்டார்கள். ஆனாலும் நோயின் தர்க்கம் ஒன்றானதால், அவர்களும் அதே வழியில்தான் வந்து சேர வேண்டியிருந்தது.

பழைய டீசல் கார்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன. புகைக் கணக்கில் பார்த்தால் அவை போவதே நியாயம். அவற்றோடு காதால் நோயறிந்த தலைமுறையும் ஓய்வு பெறுகிறது. அந்த மெக்கானிக்குகளில் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். தர்க்க சாஸ்திரம் என்ற பேரையே கேட்டிராதவர்கள். ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதன் பலனைப் பார், பார்த்த பிறகு பேசு என்ற விஞ்ஞானத்தின் விதியை, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தினமும் கடைப்பிடித்தார்கள். மலிவான காரணத்தை முதலிலும் விலை உயர்ந்த காரணத்தைக் கடைசியிலும் சந்தேகிப்பது அவர்களுடைய தர்மமாக இருந்தது. அந்தத் தர்மத்தால் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பிய தோடுகள் எத்தனை என்பதற்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.